பெரியவரை வீட்டுக்கு அழைத்துப் போகும்போது: குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

வயதான அப்பாவையோ அம்மாவையோ டிஸ்சார்ஜ் செய்து கூட்டிப் போகிற குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நான் தமிழ்நாட்டில் வார்டு செவிலியராக வேலை பார்க்கிறேன். அதனால் பதில்கள் இங்குள்ள மருத்துவமனைகளின் நடைமுறையை ஒட்டியே இருக்கும்.

டிஸ்சார்ஜ் பற்றி எப்போது கேட்க ஆரம்பிக்கலாம்?

சேர்த்த இரண்டாம் நாளே கேட்கலாம். "இன்னும் டிரிப்ஸே இறங்கி முடியவில்லை, அதற்குள் வீட்டுக்குப் போவதைப் பற்றிக் கேட்டால் டாக்டர் என்ன நினைப்பார்" என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். ஆனால் எந்தத் தேதி என்று கேட்பதைவிட, "வீட்டுக்கு வரும்போது அப்பா எப்படி இருப்பார்? தானே நடப்பாரா, பாத்ரூம் போக ஆள் வேண்டுமா, ராத்திரி யாராவது பக்கத்தில் படுக்கணுமா?" என்று கேளுங்கள். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர் வாக்கரோடுதான் வருவார் என்று முன்பே தெரிந்தால், கழிப்பறைக்கு நாற்காலி வாங்கவும் மாடியில் இருக்கும் கட்டிலைக் கீழே இறக்கவும் அவகாசம் கிடைக்கும்.

இன்னொன்று. காலை ரவுண்ட்ஸில் "இன்னைக்குப் போகலாம்" என்று சொல்வார்கள். சம்மரி டைப் ஆகி, பார்மசி கணக்கு முடிந்து, இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வந்து, நீங்கள் கிளம்பச் சாயங்காலம் ஆகிவிடும். விளக்கம் சொல்வது மட்டும் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிப்போகும். அப்போது ஆட்டோக்காரர் வாசலில் நிற்பார், ஷிஃப்ட் மாறுகிற நேரமாகவும் இருக்கும். காத்திருக்கும் அந்த நேரத்திலேயே, "பில் வருகிறவரை இருக்கத்தானே போகிறோம், மாத்திரையெல்லாம் இப்போதே சொல்லிடுங்க சிஸ்டர்" என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டில் நாலைந்து பேர் இருக்கிறோம். விளக்கத்தை யார் கேட்டுக்கொள்வது?

வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போகிறவர் யாரோ, அவர். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நடப்பது வேறு. பில் கட்ட மூத்த மகன் வருவார், ஃபைல் அவர் கைக்குப் போகும், டாக்டர் பேசுவதும் அவரிடம்தான். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார், மறுநாள் காலை வேலைக்குப் போய்விடுவார். சோறு குழைத்துக் கொடுப்பதும், மாத்திரையை நேரத்துக்குத் தருவதும், புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் மருமகளோ, மகளோ, எழுபது வயதைத் தாண்டிய மனைவியோதான். அவர்கள் அந்த நேரத்தில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் துணியையும் ஃப்ளாஸ்க்கையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். யாரும் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வதில்லை. நாங்களும் பல சமயம் கூப்பிடுவதில்லை என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

அதனால் மகன்களுக்குச் சொல்கிறேன்: "வீட்டில் பார்த்துக்கப் போறது என் மனைவிதான், அவங்ககிட்ட சொல்லுங்க" என்று நீங்களே வழிவிட்டு நில்லுங்கள். மருமகள்களுக்கும்: "எனக்குப் புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். பார்த்துக்கொள்ளும் ஆள் வேலைக்கு வைத்திருக்கும் ஹோம் நர்ஸ் என்றால் அவரையும் அன்று மருத்துவமனைக்கே வரச் சொல்லுங்கள். இதற்காக ஒரு நாள் சம்பளம் அதிகமாகக் கொடுத்தாலும் தகும்.

பெரியவருடைய மனைவிக்கோ கணவருக்கோ காது மந்தமாகவோ கண் மங்கலாகவோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக எழுதித் தருவோம்.

டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

முழுவதும் புரிய வேண்டியதில்லை. கிளம்பும் முன் ஐந்து விஷயம் தமிழில் தெரிந்திருக்க வேண்டும். என்ன நோய் என்று முடிவானது, என்ன சிகிச்சை செய்தார்கள், எந்த மாத்திரை எவ்வளவு நாள், எந்தப் பரிசோதனை ரிசல்ட் இன்னும் வர வேண்டியிருக்கிறது, மறுபடி எப்போது யாரிடம் காட்டுவது. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கல்ச்சர் டெஸ்டும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) பயாப்ஸியும் (சதைத் துணுக்கை எடுத்துப் பார்ப்பது) டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் பல நேரம் வரும். அதை யார் வாங்குவது, வந்ததும் யாருக்குக் காட்டுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர், வயது, வலதா இடதா என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். தப்பு இருந்தால் அப்போதே திருத்திக் கொடுப்பார்கள். இன்ஷூரன்ஸுக்கு அனுப்பிய பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

மாத்திரைகளில் எதில் அதிகமாகத் தப்பு நடக்கிறது?

பழைய மாத்திரையும் புது மாத்திரையும் கலப்பதில்.

ஒரு பாட்டியின் மருமகள் ரிவ்யூவுக்கு வந்தபோது, "தலை சுத்துதுன்னு சொல்றாங்க சிஸ்டர், நேத்து பாத்ரூம்ல விழப் பார்த்தாங்க" என்றார். கொண்டுவந்த மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டச் சொன்னேன். இரண்டு ஸ்ட்ரிப்பில் பெயர் வேறு வேறு. ஒன்று ஊரில் வழக்கமாக வாங்குவது, மற்றது இங்கே எழுதிக் கொடுத்தது. இரண்டிலும் பெரிய எழுத்துக்குக் கீழே சின்னதாக அச்சடித்திருந்த மருந்தின் பெயர் ஒன்றேதான்: அம்லோடிபின், இரத்த அழுத்தத்துக்கானது. அந்த அம்மா இரண்டையும் ஒரு நாள் தவறாமல், பொறுப்பாகக் கொடுத்திருக்கிறார். பழையதை நிறுத்தச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. இரட்டை டோஸில் அழுத்தம் இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றியிருக்கிறது.

ஆகவே, சேர்க்க வரும்போதே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவாருங்கள். சித்த மருந்து, நாட்டு மருந்து, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாமே. திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம். கிளம்பும்போது ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் காட்டி, "இது தொடரணுமா, நிறுத்தணுமா, அளவு மாறியிருக்கா?" என்று கேளுங்கள். நிறுத்தியதை வீட்டில் வைத்திருக்காதீர்கள். சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையும் இரவும் ஒவ்வொன்று, மத்தியானம் இல்லை என்று அர்த்தம்.

சர்க்கரை மாத்திரையைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பெரியவர்கள் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட மாட்டார்கள். சாப்பாடு குறைந்து, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ மட்டும் பழைய அளவிலேயே போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்த்துக்கொட்டும், கை நடுங்கும், சிலருக்குப் பேச்சே குழறும். 70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள். "சரியாகச் சாப்பிடாத நாளில் இந்த மாத்திரையை என்ன செய்வது?" என்ற கேள்விக்குப் பதில் வாங்காமல் வார்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

அதேபோல இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை. பல் பிடுங்க வேண்டும், கண் ஆபரேஷன் இருக்கிறது என்று யார் சொன்னாலும், எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.

சொல்லும்போது புரிகிற மாதிரி இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

கேட்டதை அங்கேயே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "நான் சொல்றேன், சரியான்னு பாருங்க சிஸ்டர்: இந்த வெள்ளை மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், அரை மணி நேரம் கழித்துத்தான் காபி..." இப்படி. தப்பாகப் புரிந்துகொண்டது அந்த நிமிடமே வெளியே வந்துவிடும். சக செவிலியர்களுக்கும் சொல்கிறேன்: "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் ஊரில் எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போனதும் எப்படிக் கொடுப்பீங்க, சொல்லுங்கம்மா" என்று கேட்டுப் பாருங்கள்.

போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். கட்டு மாற்றுவதை வீடியோ எடுத்துக்கொண்டால் வீட்டில் ரொம்ப உதவும். கேட்காமல் எடுக்க வேண்டாம், பக்கத்துக் கட்டில்காரர் அதில் வந்துவிடக் கூடாது.

மூக்குக் குழாய், யூரின் பேக் எல்லாம் இருக்கிறது. எங்களால் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதாது, நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது உங்கள் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே, "இந்த வேளை கஞ்சியை நான் கொடுக்கிறேன், நீங்க பாருங்க" என்று கேளுங்கள்.

மூக்குக் குழாய் வழியே கொடுக்கும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்த்தியிருக்க வேண்டும். கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும், உடனே படுக்கவைத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். குழாய் வெளியே வந்துவிட்டால் நீங்களே சொருகாதீர்கள்.

யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற வழியில்தான் முதல் தப்பு நடக்கிறது: ஆட்டோவில் ஏறியதும் பேக்கைப் பெரியவர் மடியில் வைத்துவிடுவார்கள். சிறுநீர் திரும்ப உள்ளே ஓடினால் கிருமித் தொற்றுக்கு வழி. காலடியில் தொங்கவிடுங்கள், தரையில் படவேண்டாம்.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். குளிப்பாட்டும்போது முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறவில்லை என்றால் படுக்கைப்புண் ஆரம்பிக்கிறது.

எதைப் பார்த்தால் உடனே திரும்ப வர வேண்டும்?

"ஏதாவதுன்னா வாங்க" என்று எங்களில் யாராவது சொன்னால் அதோடு விடாதீர்கள். "ஏதாவதுன்னா என்ன?" என்று கேளுங்கள். நோய்க்கு நோய் பதில் மாறும்.

இதயம் பலவீனமானவருக்கு எடைதான் அறிகுறி. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்துக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது. கால் வீங்கி மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். இவர்களுக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் உப்பு மூட்டை. இளநீர் நல்லதுதானே என்று கொடுப்பதற்கு முன்பும் கேளுங்கள்: சிறுநீரகம் பழுதானவருக்கும் சில இதய மாத்திரை சாப்பிடுபவருக்கும் அதில் இருக்கும் பொட்டாசியம் ஆபத்து.

வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சுக் குழறுவது மூன்றில் எது வந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதிலும் முந்தினால் நல்லது. ஆரம்பித்த மணியைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார். மூளை கலங்கிவிட்டதா?

பயப்படாதீர்கள், ஆனால் அலட்சியமும் வேண்டாம். வயதானவர்களுக்குக் காய்ச்சல், ஆபரேஷன், புது இடம், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து திடீர்க் குழப்பம் வருவது சகஜம். இறந்துபோன அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பார், ராத்திரியில் ஊருக்குக் கிளம்பணும் என்பார். பெரும்பாலும் சில நாளில், சிலருக்குச் சில வாரத்தில் தெளியும். வாக்குவாதம் செய்யாமல் பக்கத்தில் இருங்கள். கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிடுங்கள், பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பேய், செய்வினை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புது மாத்திரை, தாழ்சர்க்கரை இதில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம். அதனால் டாக்டரிடம், "இது எப்போது ஆரம்பித்தது, முன்பு எப்படி இருந்தார்" என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். முன்பு அவர் பேப்பர் படித்துக் கணக்கு பார்த்தவர் என்பது உங்களுக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது. எந்நேரமும் தூங்கி விழுந்தாலும், சாப்பிடாமல் போனாலும் அன்றைக்கே கூட்டிவாருங்கள்.

நோயின் விவரத்தைப் பெரியவரிடமே சொல்லலாமா? அவர் தாங்க மாட்டாரே?

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கேட்காத குடும்பம் குறைவு. பாசத்தில் கேட்கிறார்கள் என்று தெரிகிறது. ஆனால் வார்டில் படுத்திருப்பவருக்கு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் தெரிந்திருக்கும். கதவுக்கு வெளியே நின்று பேசிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நீங்கள் உள்ளே வருவதை அவர் பார்க்கிறார். நீங்கள் மறைக்கிறீர்கள் என்று அவரும் தனக்குத் தெரியாத மாதிரி இருந்துவிடுவார்.

அவரிடமே கேட்பதுதான் முறை: "உடம்பைப் பற்றி டாக்டர் சொல்றதை நீங்களே கேட்டுக்கறீங்களா, இல்லை நாங்க கேட்டுக்கட்டுமா?" சிலர் "நீ பாத்துக்கப்பா" என்பார்கள், சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். எந்தப் பதிலாக இருந்தாலும் அது அவருடையது. மாத்திரை, சாப்பாடு, நடை போன்றவற்றை எப்படியும் அவரைச் சேர்த்துவைத்துத்தான் சொல்ல வேண்டும். அவர் பக்கத்திலேயே படுத்திருக்கும்போது, "இவர் சாப்பிடுவாரா, இவர் தூங்குவாரா" என்று நாம் பேசுவது அவர் மனதை நோகடிக்கும்.

அண்ணன் துபாயில் இருக்கிறார். போனில் எல்லோருக்கும் பதில் சொல்லியே களைத்துவிட்டேன்.

டாக்டரிடம் பேச ஒரே ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு குரல்பதிவு போட்டால் போதும். டிஸ்சார்ஜ் விளக்கத்தின்போது வெளியூரில் இருப்பவரை ஸ்பீக்கரில் வைக்கலாம், ஆனால் முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "ஏன் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை" என்று தினமும் கேட்பதற்குப் பதில், ஒரு மாதத்து ஹோம் நர்ஸ் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்று அஷ்டமி, நாளை போகலாமா? ராகுகாலம் பார்க்கலாமா?

ராகுகாலம் ஒன்றரை மணி நேரம்தான், அதைத் தாண்டிக் கிளம்பலாம். ஒரு நாள் தள்ளுவதென்றால் காலையிலேயே சொல்லுங்கள். கூடுதல் வாடகை உண்டா, இன்ஷூரன்ஸ் ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை. டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

நேராகச் சொல்லுங்கள். "நான் வேலைக்குப் போனால் காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை அம்மா தனியாகத்தான் இருப்பார்" என்று சொன்னால் திட்டத்தையே மாற்ற முடியும். மூன்று வேளை மாத்திரையை இரண்டு வேளையாக்கலாமா, ஊசிக்குப் பதில் மாத்திரை தரலாமா என்று டாக்டர் யோசிப்பார். சொல்லாமல் போனால், செய்யவே முடியாத ஒரு பட்டியலோடு வீட்டுக்குப் போவீர்கள்.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள், இயன்முறைச் சிகிச்சை, வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை ஆகியவை அதன் கீழ் வீட்டுக்கே வரும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. மருத்துவ ஆலோசனைக்கு 104.

"இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்றுவிட்டார்கள். இனி என்ன கேட்பது?

அப்போதுதான் அதிகம் கேட்க வேண்டும். நோயைக் குணப்படுத்த முடியாது என்பதும் செய்ய ஒன்றுமில்லை என்பதும் ஒன்றல்ல. வலி வந்தால் என்ன மாத்திரை, அது போதாவிட்டால் அடுத்து என்ன? மூச்சுத் திணறினால் எப்படி உட்காரவைப்பது? சாப்பிட மறுத்தால் வற்புறுத்தலாமா? நடுராத்திரியில் யாரைக் கூப்பிடுவது? நான்கையும் எழுதி வாங்குங்கள். வலி கடுமையாக இருக்கும் என்றால் மார்ஃபின் என்ற வலி மருந்தைப் பற்றியும், அதை முறையாகத் தரும் வலி நிவாரணப் பிரிவு எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கேட்கத் தயங்குகிற இன்னொன்றும் உண்டு. உயிர் வீட்டில் பிரிந்தால் எந்த டாக்டர் வந்து சான்று தருவார் என்று முன்பே பேசி வையுங்கள், அவருக்கு இந்தச் சம்மரி தேவைப்படும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

பணம் இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகிறோம். காகிதங்கள் தருவார்களா?

தர வேண்டும். மருத்துவ ஆலோசனையை மீறிப் போனாலும் சம்மரி, பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டு கேட்டு வாங்குங்கள். காரணம் பணம்தான் என்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொன்னால், அரசு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தருவார். சொல்லாமல் கிளம்பினால் அங்கே எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் வந்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். பில் தகராறைக் காரணம் காட்டி நோயாளியைப் பிடித்துவைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம் சொல்கிறது. இதையெல்லாம் சண்டையாகப் பேச வேண்டியதில்லை. எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள்.

கிளம்பும்போது கடைசியாக என்ன பார்க்க வேண்டும்?

கையில் டிரிப்ஸ் ஊசி எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். பல்செட், கண்ணாடி, காது மெஷின் மூன்றும் இருக்கிறதா? பேப்பரில் சுற்றி லாக்கரில் வைத்த பல்செட்டைக் குப்பை என்று கூட்டிப் பெருக்கிவிடுவது வார்டில் அடிக்கடி நடக்கிறது. அப்புறம் வார்டின் போன் நம்பர், எந்த நேரத்தில் கூப்பிட்டால் எடுப்பார்கள் என்பதோடு சேர்த்து. மறுநாள் சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள். நீங்கள் போன் செய்து கேட்பது எங்களுக்குத் தொந்தரவு இல்லை.